சின்னக் கப்பல்: கேட் வரை போனவன் சொல்வது

லட்சத்தீவுக்குக் கப்பலில் போய்வர என்னென்ன வேண்டும் என்று எங்கள் தெருவில் யார் கேட்டாலும், என் மனைவி இப்போது என்னைக் கை காட்டிவிடுகிறாள். ஆறு மாதம் விசாரித்துத் தயாரானவர் அவர்தான் என்கிறாள். விசாரித்தது உண்மை. கப்பலில் ஏறியது அவள் மட்டும் என்பதும் உண்மை. ஆகவே இதில் துறைமுகக் கேட் வரைக்கும் உள்ள யோசனை என்னுடையது. அதற்கப்புறம் வருவதெல்லாம் அவளிடம் கேட்டுக் கேட்டு வாங்கியது.

மட்டாஞ்சேரிக்கு அவள் வாழ்க்கைப்பட்டு வந்து முப்பத்திரண்டு வருஷம். மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது, கூரைகளுக்கு மேலே கப்பலின் தலை மட்டும் நகர்ந்து போகும். ஈர வேட்டியைக் கையில் பிடித்தபடி அது மறைகிற வரை நிற்பாள். அவள் ஏறியதெல்லாம் எறணாகுளம் போகிற படகுதான். ஒருநாள் கப்பலில் போகணும் என்று கல்யாணமான புதிதில் சொன்னாள். நான் சரி என்றேன். அந்தச் 'சரி'யை எங்கள் மகள்தான் நிறைவேற்றினாள். பெங்களூரிலிருந்து போனிலேயே இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டாள். சின்னக் கப்பல், மூன்று தீவு, வெள்ளிக்கிழமை புறப்பாடு.

அங்கேதான் எனக்கு இடித்தது. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். அந்தத் திசையில் அன்றைக்குப் பயணம் தொடங்கக்கூடாது. லட்சத்தீவோ முழுக்க முழுக்க மேற்கே இருக்கிறது. நான் எட்டாம் கிளாஸோடு நிறுத்தியவன். ஜூ டவுன் பக்கம் ஒரு மிளகு கிட்டங்கியில் வேலை. பெரிய சாஸ்திரமெல்லாம் தெரியாது. ஆனால் பஞ்சாங்கம் பார்க்காமல் முடிகூட வெட்டியதில்லை.

"கொஞ்சம் வெல்லத்த வாயில போட்டுட்டுப் போனா மேற்குச் சூலம் ஒண்ணும் பண்ணாதுன்னு அந்தப் பஞ்சாங்கத்துலயே இருக்கே" என்றாள்.

வெல்லம் ஆலுவாவுக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்குச் சரி, அரபிக்கடலுக்குப் போதாது என்று நான் சொல்லிவிட்டேன். பரஸ்தானம் வைப்பதென்று முடிவு செய்தேன். அதாவது, நல்ல நாளில், போகிற திசையிலுள்ள வேறொரு வீட்டில் பயணப் பொருள் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாக அர்த்தம். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். அவளுடைய தம்பி வீடு எங்களுக்கு மேற்கே, கோட்டைக் கொச்சிக்குப் போகிற வழியில் இருக்கிறது. வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு பையைக் கொண்டுபோய் அவர்கள் பூஜை அலமாரிக்குக் கீழே வைத்தேன்.

பையில் பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி வைத்து பகவானை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. பயணத்துக்கு இன்றியமையாத பொருள் எது? தீவுக்குள் விடுகிற பெர்மிட். அதையே வைத்தேன். அவளுடையதையும் கேட்டேன். "என்னுது என் ஹேண்ட்பேக்லயே இருக்கட்டும். நான் சூலத்தோடயே வந்துக்கிறேன்" என்றாள். எனக்கு வருத்தந்தான்.

வெள்ளி காலை ஆட்டோ வந்தது. எல்லாம் எடுத்தாச்சா என்று கேட்டாள். என் கணக்கில் பை நேற்றே புறப்பட்டுவிட்டது. அதனால் எடுத்தாச்சு என்றேன். கப்பல் மேற்கே போனாலும், கப்பலில் ஏறுகிற இடம் வெலிங்டன் தீவில், எங்களுக்குக் கிழக்கே. பாலம் ஏறி இறங்கி, சாயா குடித்து, வரிசையில் நின்று, காவலாளி "சேட்டா, பெர்மிட்" என்று கை நீட்டுகிற வரை, அந்தப் பையைப் போய் எடுக்கவேண்டும் என்ற நினைவே எனக்கு இல்லை.

மைத்துனருக்குப் போன் போட்டேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு கோட்டைக் கொச்சிக் கரையில் நிற்கிறார்களாம், எங்களுக்குக் கை காட்ட. "மெதுவா வாங்க அத்தான், நாங்க முன்னாடியே வந்து இடம் பிடிச்சாச்சு" என்றார். விஷயத்தைச் சொன்னதும் பதறி வீட்டுக்கு ஓடினார். கேட் பன்னிரண்டு மணிக்கு அடைப்பார்கள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவர் ஸ்கூட்டர் பாலத்துக்கு அந்தப் பக்கம், லாரிகளுக்குப் பின்னால் நின்றது.

போனில் படமிருக்கிறது, அது போதாதா என்று கவுண்டரில் கேட்டுப் பார்த்தேன். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் மறுத்தாள். அம்மாவின் பேப்பர் சரியாக இருக்கிறது, அவர் போகலாம், சீக்கிரம் சொல்லுங்கள் என்றாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். நீங்கள் இல்லாமல் எனக்கு என்ன கப்பல் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொன்னால் தேற்றுவதற்கு இரண்டு வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தேன்.

"வாந்தி மாத்திரை எந்தப் பையில இருக்கு?" என்றாள்.

நீலப் பையில் என்றேன்.

"ஃப்ரிட்ஜ்ல மாவு இருக்கு. நாளைக்குள்ள தீர்த்துடுங்க."

பத்தடி போனவள் திரும்பி வந்தாள். மனசு மாறிவிட்டது என்று நினைத்தேன். வீட்டுச் சாவி அவளிடம் இருந்தது. கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

என் பை பன்னிரண்டே காலுக்கு வந்து சேர்ந்தது. ஒரு தோஷமும் அண்டாத பை. அன்று விளக்கேற்றி, அவளைப் பத்திரமாகத் திருப்பித் தா என்று அழுதுதான் கும்பிட்டேன். சூலத்தோடு போனவளுக்குக் கடல் குளம் போல் கிடந்ததாம்.

இனி அவள் சொன்னவை. கேபின் எங்கள் பூஜை அறையளவுதான். சக்கரம் வைத்த பெரிய பெட்டி கட்டிலுக்கடியில் போகாது, துணிப்பைதான் நல்லது. கப்பலின் நடுப்பக்கத்துக் கேபின் கிடைத்தால் ஆட்டம் குறைவு. வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள், வயிறு முட்டவும் சாப்பிடாதீர்கள். கப்பல் கரையோரம் வராது, கடலிலேயே நிற்கும். கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து சின்னப் படகுக்குக் கால் மாற்றவேண்டும். படகு மேலே வருகிற கணத்தில் வைக்கவேண்டும், கீழே பார்க்கக்கூடாது. நான் ஆசையாக எடுத்து வைத்த பட்டுப்புடவை பையை விட்டு வெளியே வரவேயில்லை. பக்கத்துக் கேபின் பெண் கொடுத்த சுடிதாரில்தான் மூன்று தீவிலும் இறங்கியிருக்கிறாள். சைவச் சாப்பாடு உண்டு, கேட்டால் தருவார்கள். நான் கட்டிக் கொடுத்த புளியோதரையைச் சமையல்காரர் சேட்டன் ருசி பார்த்துவிட்டு உப்பு போதாது என்றாராம். செய்தது நான்.

ஒன்று மட்டும் என்னால் எழுத முடியவில்லை. கடல் நடுவில் எப்படி இருந்தது என்று கேட்டால், "நீலமா இருந்துச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். திரும்பி வந்து இரண்டு நாள், தரை இன்னும் ஆடுகிறது என்று அடுப்பு மேடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே தோசை வார்த்தாள். டாக்டரிடம் போகலாமா என்றேன்.

"வேண்டாம். அது தானா நிக்கிற வரைக்கும் ஆடட்டும்" என்றாள்.