யோகராஜ் அண்ணன் கேட்டது கயிறு

யோகராஜ் அண்ணன் போய்விட்டார்.

ராகலைப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த பொலிஸ்கார அண்ணன்... நேற்று மண்சரிவில் புதைந்த தேயிலைத் தோட்ட லய வீடுகளிலிருந்து ஆட்களை மீட்க இறங்கியவர்.

காலையிலிருந்து ஃபோனைத் தொடவே அருவருப்பாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

போன வருடம் நுவரெலியாவில் பொலிஸ்காரர்களுக்கு ஒரு அனர்த்த மீட்புப் பயிற்சி. நடத்தியது ஒரு வெளிநாட்டு அமைப்பு. நான் இங்கிலீஷ் டீச்சர் என்பதால் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள்.

நாள் முழுக்க ரப்பர் படகு ஓட்டுவது எப்படி என்று ஸ்லைட் போட்டார்கள். நம்ம மலையில்... படகு!

அண்ணன் எழுந்து நின்றார். "நம்ம பக்கம் தண்ணி நிக்காதுங்க, மண்ணுதான் எறங்கும். படகு வேணாம். நூறடி கயிறு குடுங்க. ஒரு ஆள் பாரம் தாங்குற மாதிரி நல்ல கயிறு."

மேடையில் இருந்த வெளிநாட்டு அம்மா, என்ன சொல்கிறார் என்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார். வந்த விருந்தாளியிடம் குறை சொல்வதா என்று எனக்குக் கூச்சம். "தேங்க் யூ சொல்கிறார், ரொம்பப் பயனுள்ள பயிற்சியாம்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

கைதட்டினார்கள்.

வெளியே வரும்போது அண்ணன் மெதுவாகக் கேட்டார். "டீச்சர், எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் வெளங்கும். நான் கயிறுதானே கேட்டேன்?"

"அடுத்த தடவை கட்டாயம் சொல்றேன் அண்ணே."

"பரவால்ல, விடுங்க" என்று சிரித்தார்.

அன்றைக்கு ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் கையில் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். எடுத்த கையோடு திரும்ப வாங்கிப் பெட்டியில் அடுக்கினார்கள். அடுத்த ஊர் போட்டோவுக்காம்! அண்ணனுக்கு மிஞ்சியது ஒரு டீ-ஷர்ட், ஒரு சான்றிதழ். த்தூ.

நேற்று நடந்ததை அந்த லயத்துப் பார்வதி அக்கா ஃபோனில் அழுதுகொண்டே சொன்னார். "நாங்க கொழுந்துக் கூடைக் கயித்தையெல்லாம் அவுத்துக் குடுத்தோம் டீச்சர். ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போட்டு இடுப்புல கட்டிக்கிட்டு எறங்குனாரு. மூணு பேரைத் தூக்கி விட்டுட்டாரு. நாலாவது தடவை அறுந்துருச்சு..."

இன்று காலை அந்த அமைப்பு அண்ணன் படத்தைப் போட்டிருக்கிறது. அதே டீ-ஷர்ட், அதே சான்றிதழ். 'எங்களிடம் பயிற்சி பெற்ற வீரர்' என்று.

அதைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி எனக்கு மெசேஜ் வேறு. கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

அவர்களைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன். என்னை நினைத்தால் அதைவிடக் குமட்டுகிறது.

முடியாது என்று பதில் போட்டேன். அந்தப் படத்துக்குக் கீழே இங்கிலீஷில் எழுதினேன்: யோகராஜ் உங்களுக்கு நன்றி சொல்லவில்லை. நூறடி கயிறு கேட்டார், ஒரு ஆள் பாரம் தாங்குகிற மாதிரி.

அழித்துவிட்டார்கள். மறுபடியும் எழுதியிருக்கிறேன்.

போயிட்டு வாங்க அண்ணே... இந்தத் தடவை சரியாகச் சொல்லிவிட்டேன்.