ஆறாவது கட்டத்துப் பந்து

நாலு நாளாக நம் வீட்டுப் பரணில் ஒரு நோட்டு கிடக்கிறது. கோடு போடாத நோட்டு. கவின் வரைந்த படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அவனே ஸ்டூல் போட்டு ஏறி, பழைய மிக்சிக்கும் கிழிந்த குடைக்கும் நடுவில் அதைச் சொருகிவிட்டு இறங்கினான். அதிலிருந்து அக்கா பவித்ராவோடு பேச்சு இல்லை. அவளும் பேசுவதில்லை. சாப்பிட உட்கார்ந்தால், "அவளுக்கு வெஞ்சனம் வேணுமான்னு கேளும்மா" என்று இவன் சொல்ல, "வேண்டாமுன்னு சொல்லும்மா" என்று அவள் சொல்ல, நடுவில் உங்கம்மா தபால்காரி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். ஒருத்தர் முழங்கை இன்னொருத்தர் மேல் இடிக்கிற தூரத்தில் இருந்துகொண்டு இந்தத் தபால்.

சண்டைக்குக் காரணம் எந்தக் கதை உசத்தி என்பது. என்னைத்தான் தீர்ப்புச் சொல்லச் சொன்னீர்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன், மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். பேசினால் பாதியில் மறந்துவிடுவேன். அதனால் கடையில் கரண்ட் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ரெண்டு பேரும் சேர்ந்து படிக்கணும். ஒருத்தர் படித்து இன்னொருத்தருக்குத் தபால் அனுப்பக் கூடாது.

பவித்ரா, நீ பள்ளிக்கூட டீமில் ஆடிவிட்டு வந்து செல்போனில் பார்க்கிற ஜப்பான் வாலிபால் கார்ட்டூன் கதையை நானும் உன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். ஒருத்தன் பந்தை அடிக்கக் குதிப்பான். அவன் கீழே வருவதற்குள் அவன் சின்ன வயசு, அவன் அண்ணன், மழையில் தனியாகப் பயிற்சி எடுத்தது எல்லாம் வந்துவிடும். ஒரு பாயிண்ட் முடிவதற்குள் நான் ஒரு ஃபேன் மோட்டாரைக் கழற்றி மாட்டிவிடுவேன். ஆனாலும் பந்து விழுகிற வரைக்கும் நகர முடியவில்லை, அது உண்மை.

கவின் வைத்திருப்பது அச்சடித்த புத்தகம். மாங்கா என்கிற ஜப்பான் படக்கதை. அதில் வருகிறவர்கள் யாரும் எதையும் விளையாடுவதில்லை. அவர்கள் கதைப் பைத்தியங்கள். ஒரு சின்ன ரூமில் கூடிக்கொண்டு, தங்களுக்குப் பிடித்த கதையைப் பற்றியே பேசுகிறார்கள். தாங்களே படம் வரைந்து சின்னப் புத்தகம் போடுகிறார்கள். அதை வாங்க வெயிலில் வரிசை நிற்கிறது. ஆபீசுக்குப் போனால் மட்டும் யாருக்கும் தெரியாமல் மறைத்துக்கொள்கிறார்கள். முதல் தடவை அதை நான் நம் வழக்கப்படி இந்தப் பக்கத்திலிருந்து புரட்டிவிட்டேன். எட்டுப் பக்கம் போன பிறகும், கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே எல்லாரும் பதில் சொல்கிறார்களே, பெரிய புத்திசாலிகளாக இருப்பார்கள் போல என்று நினைத்தேன். "அப்பா, அது கடைசிப் பக்கம். அந்தப் பக்கம் இருந்து வாங்க" என்று கவின் தலையில் அடித்துக்கொண்டான்.

சரியான பக்கத்திலிருந்து படித்த பிறகு எனக்குத் தோன்றியது இது. பந்துப் பைத்தியம் பிடித்தவன் ஊர் பார்க்கத் திரிகிறான். கதைப் பைத்தியம் பிடித்தவன் கதவைச் சாத்திக்கொள்கிறான். மற்றபடி ரெண்டு பேருக்கும் ஒரே காய்ச்சல்தான். இவனும் தூங்குவதில்லை, அவனும் தூங்குவதில்லை. ரெண்டு பேருக்கும் தன்னைவிடப் பெரிய ஆள் ஒருத்தனைப் பார்த்து வயிறு எரிகிறது. இதையே தீர்ப்பாகச் சொல்லலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்தேன். அதற்குள் பவித்ரா முந்திக்கொண்டாள்.

"ஆடத் தெரியாதவன்தான்டா உக்காந்து பாத்துப் பாத்து உருகுவான். உன் கதையில இருக்கவங்களும் அம்புட்டுதான், நீயும் அம்புட்டுதான்."

கவின் ஸ்டூலை எடுத்துவந்தது அப்போதுதான்.

பவித்ரா, உன்னைத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. அந்த வாக்கியம் எனக்குப் பழக்கமான வாக்கியம். கிட்டத்தட்ட அதே வார்த்தைகளை நான் ஒருத்தனிடம் சொன்னேன். அதோடு அவன் போய்விட்டான்.

அவன் பெயர் சேவியர், நம் ஊர்க்காரன். திண்டுக்கல்லில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சாபீசில் வேலை. கவினின் புத்தகத்தை முகர்ந்து பார்த்தேன் இல்லையா, நீங்கள் கூடச் சிரித்தீர்களே, அந்த மை வாசனையில்தான் சேவியர் ஞாபகம் வந்தது. அவன் பஸ்ஸில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலே அந்த வாசனை வரும். அப்போது திண்டுக்கல்லில் காயில் கட்டப் பழகிக்கொண்டிருந்த என் மேல் வார்னிஷ் வாசனை. "ரெண்டு பேரும் சேந்து உக்காந்தா தலை வலிக்குதுப்பா" என்று கண்டக்டர் சொல்வார்.

அவனுக்குக் காமிக்ஸ் பைத்தியம். சம்பளம் வாங்கினால் முதலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய புத்தகக் கடைக்குத்தான் போவான். எனக்கு வாலிபால் பைத்தியம். வடமதுரையிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் நம் ஊர், குளத்தங்கரையை ஒட்டின பொட்டல், ரெண்டு கம்பு, ஒரு வலை. கேப்டன் பாண்டியண்ணன். கொத்து வேலை பார்க்கிறவர், கையெல்லாம் சிமெண்டுக் காய்ப்பு. அவர் சர்வீஸ் போட்டால் எதிராளி கை சிவந்துபோகும்.

சேவியரையும் ஆட வைக்கப் பார்த்தோம். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். "ஏலே, பந்துக்குக் கும்பிடு போடுறியா, அடிக்கிறியா?" என்று பாண்டியண்ணன் கேட்பார். மூன்றாம் நாள் அவனே விலகி, சட்டைகளையும் தண்ணீர்க் கேனையும் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார ஆரம்பித்தான்.

அப்படி உட்கார்ந்தவன்தான் ஒரு காரியம் செய்தான். அச்சாபீசில் பிழையாக அடித்த பெரிய தாள்கள் வீணாகும். ஒரு பக்கம் யாருக்கோ கல்யாணம், மறு பக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில் ஆறு கட்டம் போட்டு, நாங்கள் ஆடின மேட்சைப் படக்கதையாக வரைந்தான். மைதாப் பசை காய்ச்சி, ரோட்டோரம் ராவுத்தர் சைக்கிள் கடைச் சுவரில் ஒட்டினான். ஒவ்வொரு ஞாயிறு காலையும் ஒரு தாள். வெயில் பட்டால் பின்பக்கத்து மணமகன் பெயர் இடம் வலம் மாறித் தெரியும். மாடு ஓட்டிப் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஆறாவது கட்டத்துக்குக் கீழே எப்போதும் 'தொடரும்' என்று போடுவான்.

எனக்கு மட்டும் கை முழங்காலுக்குக் கீழே வரும்படி வரைவான். "எதுக்குடா இம்புட்டு நீளம்?" என்று கேட்டேன். "நீ குதிக்கும்போது அப்படித்தாண்டா தெரியுது" என்றான். வெளியே கோபப்பட்டேன். உள்ளே ரொம்ப சந்தோஷம்.

சித்தையன்கோட்டையில் ஒரு டோர்னமெண்ட் நடந்தது. சனிக்கிழமை செமி பைனல் ஜெயித்துவிட்டோம். ஞாயிறு சாயங்காலம் பைனல், ஆயக்குடிப் பையன்களோடு. ஞாயிறு காலை சுவரில் தாள் ஒட்டியிருந்தது. ஐந்து கட்டத்தில் செமி பைனல். ஆறாவது கட்டத்தில் இன்னும் நடக்காத பைனல். அதுவரை அவன் நடந்ததைத்தான் வரைவான், நடக்கப்போவதை வரைந்தது அன்றைக்குத்தான். நான் வலைக்கு மேலே பறக்கிறேன். கை பின்னால் வளைந்திருக்கிறது. பந்து என் தலைக்கு மேலே நிற்கிறது. எதிராளிகள் ஆறு பேரும் வாயைப் பிளந்து நிற்கிறார்கள். தொடரும்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சாக்கில் மூன்று தடவை போய் அதைப் பார்த்தேன். மூன்றாவது தடவை ராவுத்தர், "போதும்ப்பா, டியூபு வெடிச்சிரப் போவுது. படத்தைப் பாக்கணும்னா சும்மாவே பாரு" என்றார்.

ஆயக்குடிக்காரர்கள் மரியாதையான ஆட்கள். வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஏனுங்க, லைன்ல பட்டுதுங்களே" என்றுதான் சண்டையே போடுவார்கள். கடைசி செட். எங்களுக்கு ஒரு பாயிண்ட் போதும், கோப்பை எங்களுக்கு. பாண்டியண்ணன் சர்வீஸ். அவர்கள் தடுமாறி எடுத்துத் திருப்பி விட்ட பந்து உயரமாக, மெதுவாக, வலையைத் தாண்டி வந்தது. எங்கள் கோர்ட்டையும் தாண்டிப் போகிற பந்து அது. பார்த்தவுடன் தெரியும். பின்னாலிருந்து பாண்டியண்ணன், "விடு! விட்ரு! அவுட்டு!" என்று கத்தினார்.

எனக்கும் காதில் விழுந்தது. ஆனால் பந்து என் தலைக்கு மேலே நின்றது. படத்தில் நின்ற மாதிரியே நின்றது. நான் குதித்தேன். கையைக்கூட படத்தில் இருந்தது போலவே பின்னால் வளைத்தேன். நிஜத்தில் என் கை அம்புட்டு நீளம் இல்லை. விரல் நுனியில் பட்டுப் பந்து வெளியே போய் விழுந்தது. தொடாமல் விட்டிருந்தால் எங்கள் பாயிண்ட். தொட்டதால் அவர்கள் சர்வீஸ். அதற்குப் பிறகு வரிசையாகப் பாயிண்டுகளை விட்டோம். கோப்பையை வாங்கிக்கொண்டு வந்த அவர்கள் கேப்டன் என் கையைப் பிடித்து, "நல்லா ஆடுனீங்க. அந்த ஒரு பந்த மட்டும் விட்டிருக்கலாமுங்க" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பாண்டியண்ணன், "அவுட்டுப் பந்தை எதுக்குப்பா தொட்ட?" என்று கேட்டார். திட்டவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். படத்தைப் பார்த்து அதேபோல் குதித்தேன் என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. "எல்லாம் இவன் வரைஞ்சு வச்ச படத்தாலதான்" என்று சேவியரைக் காட்டினேன்.

அவன் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான். "நான் பந்தை உள்ளதானடா வரைஞ்சேன்?" என்றான்.

பஸ்ஸே சிரித்தது. அத்தனை பேரும் இறுக்கத்தில் இருந்தார்கள், நல்ல பதில் வந்ததும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு என் மேல்தான் வந்து விழுந்தது. எழுந்து நின்று சொன்னேன்.

"பந்து வந்தா கண்ணை மூடுற பய, நீ பேசாத. ஆடத் தெரியாதவனுக்குப் பாத்துப் பாத்து உருகத்தான் தெரியும்."

எங்கள் எல்லாருடைய சட்டையும் அவன் மடியில்தான் இருந்தது.  நம் ஊர் வரைக்கும் அதை மடியிலேயே வைத்திருந்தான். இறங்கினதும் ஒவ்வொருத்தர் சட்டையாகக் கொடுத்தான். என் சட்டையையும் மடித்தே கொடுத்தான். "வாரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிறு சுவரில் புதுத் தாள் இல்லை. கோபம் ஆறினால் ஒட்டுவான் என்று இருந்தேன். அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பழைய தாளைத்தான் பார்த்தாக வேண்டும். நான் பறந்துகொண்டே இருந்தேன், பந்து மேலேயே நின்றது. ஒருநாள் மழை பெய்தது. பசை ஊறினதும் ஆடு வந்து கீழ்ப்பக்கத்தைத் தின்றுவிட்டது. 'தொடரும்' போய்விட்டது. ராவுத்தர் ஆட்டை விரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "போயி ஒரு வார்த்தை பேசுப்பா" என்றார். நாளைக்குப் போகலாம் என்றேன். ரெண்டு மாதத்தில் சேவியர் திருப்பூர் போய்விட்டான்.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. "இப்பவும் வரையிறியா?" என்றேன். "பனியன்ல யானை, குதிரை பிரிண்ட் போடுறோம். வரையிறதுக்குக் கம்ப்யூட்டர் இருக்கு" என்றான். "நீ ஆடுறியா?" என்றான். "முட்டி வலி" என்றேன். ரெண்டு பேரும் சிரித்தோம். சாம்பார் வந்தது. சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே கை கழுவப் போனேன்.

இப்போது தீர்ப்பு. செல்போனில் பந்து தானாகப் போய் விழுந்துவிடுகிறது, அதைப் பார்க்கச் சுகம். புத்தகத்தில் நாம் பக்கத்தைத் திருப்புகிற வரைக்கும் பந்து மேலேயே நிற்கிறது, அது வேறு சுகம். எது உசத்தி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரியும். ஆடுகிறவனுக்குத் தன் கைக்கு வந்த பந்து மட்டும்தான் ஞாபகம் இருக்கும். பார்த்து உருகுகிறவனுக்கு ஆறு பேர் பந்தும் ஞாபகம் இருக்கும்.

அந்தப் பொட்டலில் இப்போது கல் நட்டு பிளாட் போட்டிருக்கிறார்கள். ராவுத்தர் இல்லை. ரோட்டை நாலு வழியாக்கியபோது அந்தக் கடையும் சுவரும் போய்விட்டன. தாள் மேல் தாளாக விரற்கடை கனத்துக்கு ஒட்டியிருந்தது, எல்லாம் மண்ணோடு போனது. நாங்கள் மூன்று வருஷம் ஆடினோம். எத்தனை மேட்ச் ஜெயித்தோம், பாண்டியண்ணன் எந்த ஊரில் எப்படி அடித்தார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தொடக் கூடாத அந்த ஒரு பந்து மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.

கவினின் நோட்டை நேற்று எடுத்துப் பார்த்தேன். கவின், கோபப்படாதே. பவித்ரா, பாதிக்கு மேல் நீதான் இருக்கிறாய். பள்ளிக்கூடத்துப் பத்தாம் நம்பர் பனியனோடு, கை முழங்காலுக்குக் கீழே வரும்படி வரைந்திருக்கிறான். அதே இடத்தில் திருப்பி வைத்துவிட்டேன். கவினுக்கு ஸ்டூல் வேண்டும். உனக்கு வேண்டாம் பவித்ரா, கை நீட்டினால் எட்டும்.