இல்லாத பருந்து

வானத்தில் ஒன்றுமே இல்லாதபோது, "அண்ணாச்சி, அங்கன பாருங்க, பருந்து" என்று கையை நீட்டியவன் நான். திருவேங்கடம் பஸ் ஸ்டாண்ட், காலை பத்தரை மணி. டிரைவர் அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கண்ணுக்குமேல் கையை அணைகொடுத்து நிதானமாகப் பார்த்தார். "ஆமா வே, நல்ல பெருசு" என்றார். இன்னும் ஐந்து நிமிடத்தில் அந்தக் கண்ணை நம்பி ஒரு பஸ் நிறைய ஜனம் சங்கரன்கோவிலுக்குக் கிளம்பப்போகிறது.

நான் அந்தத் தனியார் பஸ்ஸின் கண்டக்டர். பருந்து பார்க்கும் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்ததே அவர்தான். மற்ற டிரைவர்கள் டிரிப்புக்கு நடுவே போனை நோண்டுவார்கள். இவர் அண்ணாந்து நிற்பார். "விடிஞ்சதும் மேல பாத்தா ஒண்ணும் கெடையாது வே. தரை சுடணும். சூடு எழும்பினாத்தான் அது றெக்கைய அடிக்காம ஏறும்" என்பார். மார்கழி, தையில் கதை வேறு. குளிருக்கு மட்டும் வந்துபோகும் பூனைப்பருந்துகள் சாயங்காலம் கரிசல் காட்டின்மேல் ஆளுயரத்துக்குத் தாழப் பறக்கும். ஐந்து மணி டிரிப்பில், ரோடு சற்று மேடேறும் இடத்தில், கரண்ட் கம்பி மறைக்காத பக்கமாகப் பார்த்து, இன்ஜின் சூடு என்று சொல்லி இரண்டு நிமிடம் நிறுத்துவார். வெயில் நம் முதுகில் அடிக்க வேண்டும், அப்போதுதான் இறகின் நிறம் தெரியும். பயணிகள் முனகுவது அவர் காதில் விழாது. எப்போதும் பருந்து அவர் கண்ணில்தான் முதலில் படும். அந்தத் தை மாதம் அவர் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. அதனால்தான் சோதித்தேன்.

அன்று சாயங்காலமே கேட்டுவிட்டேன். அவர் மறைக்கவில்லை. "டாக்டர்ட்ட காட்டியாச்சு. ஆபரேசன் பண்ணினாலும் தேறாதாம். மகளுக்கு நர்சிங் இன்னும் ஒரு வருசம் இருக்கு. அதுவரைக்கும் கண்டுக்கிடாதேரும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். எந்தப் புத்தியில் ஆட்டினேனோ. மறுநாளிலிருந்து பின்படியை விட்டுவிட்டு முன்படியிலேயே நின்றேன். ஒற்றை விசில் நிறுத்த, இரட்டை விசில் கிளம்ப என்பது எல்லா பஸ்ஸுக்கும் பொது. எங்களுக்குள் மூன்றாவதாக ஒன்று முளைத்தது: குறுக்கே ஏதாவது வந்தால் நீட்டி ஒரு விசில். திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஒரு மாதம் யாரிடமும் மூச்சுவிடாமல் அப்படி ஓட்டினோம். தூக்கத்திலும் எனக்கு ரோடுதான் வந்தது.

ஒருநாள் ஓர் அம்மாவின் பருத்திச் சாக்கை உள்ளே இழுத்துவிடக் குனிந்தேன். நிமிர்ந்தால், பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி சைக்கிளோடு மிகப் பக்கத்தில். ஊதினேன். பஸ் அவள் பின்சக்கரத்தை உரசிக்கொண்டு நின்றது. கீழே விழுந்தவள் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். டிரிப் முடிந்ததும் நேரே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். சொன்னது தப்பென்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் என் பெயர் வெளியே வரக்கூடாது என்று கெஞ்சினேனே, அதை நினைத்தால் கூசுகிறது. அண்ணாச்சிக்கு வேலை போயிற்று. மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஜவுளிக்கடையில் நிற்கிறாள்.

இப்போது என் லீவு நாளில் அவரை பைக்கில் ஏற்றிக்கொண்டு அதே மேட்டுக்குப் போகிறேன். நேரமும் திசையும் அவர் சொல்வார், பார்த்துச் சொல்வது நான். போன வாரம் மூன்று பறந்தன. ஒவ்வொன்றும் எப்படித் திரும்புகிறது, எங்கே தாழ்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர் என் தோளைப் பிடித்தார்.

"முன்படியில நின்னு என்னயக் காத்தவரு நீரு. எவன் போட்டுக்குடுத்தாம்னுதான் தெரியல. தெரிஞ்சா எங்கிட்டச் சொல்லும், என்னா?"

"சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன்.