பதினான்காம் நம்பர் கத்தி

ஒருவருடைய கத்தியைக் கால் கட்டைவிரலால் தள்ளித் தண்ணீரில் விட்டேன். தவறிப்போய் இல்லை, வேண்டுமென்றே. பன்னிரண்டு வருஷமாக அதை யாரிடமும் சொல்லவில்லை... போன வாரம் வரை.

சொல்ல வைத்தவன் என் அக்கா மகன் கணேசன். துபாயிலிருந்து லீவில் தென்காசி வந்தவன், வெல்வெட் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு மடக்குக் கத்தி. கூடவே ஒரு சர்ட்டிபிகேட்.

“லிமிடெட் எடிஷன் மாமா! தொட்டுராதீங்க, ரேகை விழுந்துரும்.”

அலகில் பொடி எழுத்தில் நம்பர் இருந்தது. ஐயாயிரத்தில் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

“ஏலே, ஐயாயிரம் பேரு வச்சிருக்கது எப்படிலே அபூர்வம்? குத்தாலத்துல ஒரு ஞாயித்துக்கிழமை அத்தனை பேரு குளிக்குதான்!”

“அதான் நம்பர் போட்டிருக்குல்லா மாமா?”

நம்பர் போட்டால் ஆயிற்றா? பஸ் டிக்கெட்டில்கூடத்தான் நம்பர் இருக்கிறது. ஒரு ஆப்பிளாவது நறுக்கலாமா என்று கேட்டேன். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டான்.

“உங்க எஸ்டேட் கத்தி மட்டும் என்ன வாழுதாம்?” என்றான் போகிற போக்கில்.

சுருக்கென்றது.

அந்தக் கத்தியைப் பற்றி இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் நான் பீற்றிக்கொண்டது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். புதியவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். செங்கோட்டையைத் தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட். அதன் வெள்ளி விழாவுக்கு, தொடக்கத்திலிருந்து வேலை பார்த்த இருபத்தைந்து பேருக்கு ஆளுக்கொரு மடக்குக் கத்தி கொடுத்தார்கள். கொம்புப் பிடி. அலகில் ஒரு ரப்பர் மர முத்திரை, அதன் கீழே நம்பர். இருபத்தைந்தும் அடித்து முடித்ததும் அச்சை உடைத்துவிட்டதாகப் பேச்சு. என்னுடையது ஒன்பது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவரிடம் வீட்டு ரேடியோவைக் கொடுத்து வாங்கினேன். ரேடியோ போனதற்கு என் மனைவி சொன்னதை இங்கே அச்சிட மாட்டார்கள்.

அப்போது நான் காலேஜில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். கத்தி விஷயத்திலும் வாத்தியார்தான். எத்தனை செய்யப்போகிறோம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும், சொன்ன இடத்தில் நிறுத்த வேண்டும், ஆசை வந்தாலும் மறுபடி செய்ய முடியாதபடி அச்சை அழிக்க வேண்டும் — அப்போதுதான் அது லிமிடெட் என்று, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் வகுப்பெடுப்பேன். கடைசியில் என் சொந்தச் சரக்கையும் சேர்ப்பேன். “மத்த இருபத்திநாலும் காட்டோட போச்சு. மிச்சம் இது ஒண்ணுதான்.”

எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது!

எமர்ஜென்சிக்கு முந்தைய வருஷ சீசன். மெட்ராஸிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். பெட்டி பெட்டியாகக் கத்தி சேர்ப்பவர். என் ஒன்பதாம் நம்பரைப் பார்ப்பதற்கென்றே குற்றாலத்தில் ரூம் போட்டிருந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். “இது ஒண்ணுதான் பாக்கின்னா, பிரமாதம் சார்” என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் அவரை ஐந்தருவிக்கு எண்ணெய்க் குளியலுக்குக் கூட்டிப்போனேன். நல்ல சாரல். தேய்த்துவிட மாடசாமி. பல வருஷமாக எனக்கு அவர்தான். அவர் கை பட்டால் முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக நன்றி சொல்லும். வக்கீல் தலையிலிருந்து எண்ணெய் வழிய, கண்ணை இறுக மூடிக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தார். சீயக்காய்ப் பொட்டலத்தின் நூலை அறுக்க மாடசாமி இடுப்பிலிருந்து ஒன்றை எடுத்தார்.

கொம்புப் பிடி. ரப்பர் மரம்.

“அத இங்கன குடு மாடசாமி.”

“கத்தியக் கையில தரமாட்டேன் சார். நமக்குள்ள சண்டை வந்துரும்லா?” சிரித்துக்கொண்டே பாறையில் வைத்தார். “எடுத்துப் பாருங்க. என்னப் பெத்த அய்யாவுக்கு எஸ்டேட்ல குடுத்தது. சாகுத வரைக்கும் இடுப்பை விட்டு எடுக்கல.”

குனிந்து பார்த்தேன். நம்பர் பதினான்கு.

“எஸ்டேட் கத்தியா?” வக்கீல் கண்ணை மூடியபடியே கேட்டார். “இருங்க, முகத்தைக் கழுவிட்டு வந்து பார்க்கிறேன்.”

அவருக்குத் தண்ணீர் மொள்ள மாடசாமி திரும்பினார். என் கட்டைவிரல் நகர்ந்தது. அருவி இரைச்சலில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

“அய்யய்யோ, கத்தி வழுக்கி விழுந்துட்டே மாடசாமி!” என்று கூச்சல் போட்டவனும் நான்தான்.

மாடசாமி கட்டியிருந்த துண்டோடு குதித்தார். சீசன் தண்ணீர் எதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது? முழங்காலெல்லாம் சிராய்ப்போடு மேலே ஏறிவந்து, தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எண்ணெய்க் கையோட வச்சேன் சார்... எங்க அய்யா கத்திய நானே தொலைச்சிட்டேன்.”

என்ன கத்தி அது என்றார் வக்கீல். எஸ்டேட்டில் சும்மா வாங்கிக் கொடுத்த ஏதோ சந்தைக் கத்தி என்றேன்.

அதன்பிறகு மாடசாமி கத்தியே வைத்துக்கொள்ளவில்லை. பொட்டலத்தைப் பல்லால் கடித்துப் பிரிப்பார். “கத்தி நம்ம கைக்கு ஆகாது சார்” என்பார், ஒவ்வொரு சீசனும். நான் எண்ணெய் வழிகிற சாக்கில் கண்ணை மூடிக்கொள்வேன்.

இதில் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? அடுத்த பொங்கலுக்கு வக்கீலிடமிருந்து ஒரு கடிதம். எஸ்டேட்டுக்குக் கத்தி அடித்துக் கொடுத்த பட்டறை அச்சை உடைக்கவே இல்லையாம்! முதலாளியின் சொந்தக்காரர்களுக்கென்று பிற்பாடும் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒன்பதாம் நம்பர் கத்தியையே இன்னும் இரண்டு இடங்களில் பார்த்தாராம். சரித்திர வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டேன். ஒன்பதுகள் ஊரெல்லாம் இருக்கலாம். பதினான்குகளும் இருக்கலாம். மாடசாமியின் அய்யா இடுப்பில் கிடந்தது ஒன்றே ஒன்று. எந்தச் சர்ட்டிபிகேட்டும் இல்லாமல் லிமிடெட்டாக இருந்த கத்தி அதுதான். அதைத்தான் தள்ளிவிட்டிருக்கிறேன்.

கணேசன் கேட்டுவிட்டுப் போன மறுநாள், ஒன்பதாம் நம்பரை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். பூசி மெழுகாமல் சொன்னேன். மாடசாமி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“கையாலயா சார் தள்ளுனிய?”

“கால்ல.”

“எங்க அய்யா கத்திய... கால்ல.”

மன்னிப்புக் கேட்டேன். “அதுக்கு இது ஈடில்ல மாடசாமி. இருந்தாலும் வச்சுக்கோ” என்று கத்தியைப் பாறையில் வைக்கக் குனிந்தேன்.

“கீழ வைக்காதீங்க சார். கையில தாங்க.”

“சண்டை வருமே?”

“வரட்டும்னுதான் கேக்குதேன்.”

கொடுத்தேன். வாங்கினார். அலகை விரித்து ஒரு சீயக்காய்ப் பொட்டலத்தின் நூலை அறுத்தார். எனக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்து, “வாங்க அண்ணாச்சி, உக்காருங்க” என்றார்.

இந்த வாரமும் போனேன். கத்தி அவர் இடுப்பில் இருக்கிறது. சாரலில் நனைந்த அலகைத் துடைக்காமல் அப்படியே மடக்குகிறார். துருப்பிடித்துவிடுமே என்று வாய்வரை வந்தது. சொல்ல எனக்கு ஏது வாய்?

நானே எண்ணெய் தேய்த்துக்கொள்கிறேன். முதுகுக்குத்தான் கை எட்டமாட்டேன் என்கிறது.