பை இல்லாமல் போன நாள்

ஆரியசாலையில் நான் எதிரே வந்தால் சிலர் அந்தப் பக்கத்து ஓரத்துக்குப் போய்விடுவார்கள். என்மேல் கோபம் ஒன்றுமில்லை. நான் முகம் வரைகிறவன், பெரும்பாலும் இறந்தவர்களின் முகம். பதினாறாம் நாள் காரியத்துக்குள் படம் முடிந்து, சட்டம் போட்டு, வீட்டுச் சுவரில் ஏறிவிட வேண்டும். கம்ப்யூட்டரில் கோட்டு சூட்டு மாட்டிக் கொடுக்கிற ஸ்டூடியோக்கள் வந்த பிறகும், இந்த மலையாள ஊரில் குடியேறிய திருநெல்வேலிக் குடும்பங்கள் என்னைத்தான் தேடி வருகின்றன. அந்தப் பெருமை எனக்கு உண்டு.

அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. ஒருமுறை பழைய கல்யாண ஃபோட்டோவைப் பார்த்து ஒரு மளிகை வியாபாரியை வரைந்தேன். அவர் மகள் படத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டாள். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதன்பின் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். இனிப் பிழைக்க மாட்டார் என்று தெரிந்தால், உயிர் இருக்கும்போதே போய், நலம் விசாரிப்பதுபோல் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பென்சிலில் எடுத்துவிடுவேன். படங்களில் உயிர் வந்துவிட்டது என்று ஊர் பாராட்டியது. டாக்டர் கைவிரித்ததும் துபாய் மகனுக்கு ஒரு ஃபோன், எனக்கு ஒரு ஃபோன் என்றாயிற்று. பென்சிலும் தாளும் வைத்த என் காக்கிப் பை ஒரு வீட்டுப் படியேறினால் தெருவே விஷயத்தைப் புரிந்துகொள்ளும்.

கிழக்கேகோட்டையில் பூக்கடை வைத்திருந்தவர் என் சிநேகிதர். என் படங்களுக்கெல்லாம் அவர் கட்டிய மாலைதான். இருபது வருடமாக, மத்தியானம் கூட்டம் குறைந்ததும் என் அறைக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நான் வரைவதில் குற்றம் கண்டுபிடிப்பார். தன்னை வரைய மட்டும் விடமாட்டார்.

"என் மூஞ்சிய நீரு வரைஞ்சா, மாலைய யாரு வே கட்டுவா?" என்பார்.

போன மழைக்காலத்தில் அவருக்கு ஈரலில் நோய் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்றே கிளம்பினேன். பையை வேண்டுமென்றே அறையில் வைத்துவிட்டு, கொஞ்சம் ரசகதலி வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

அவர் மனைவி வாசலில் நின்றாள். வழிவிடவில்லை.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கண்டாம். இப்போ உள்ள வரண்டாம்."

"சும்மா பாத்துட்டுப் போகத்தான் வந்தேன், தங்கச்சி. பாரு, பைகூட கொண்டு வரல."

"கையில இல்லன்னு தெரியுது. அளக்குற கண்ணு இருக்கு, அல்லே? உங்களக் கண்டா அவுக மனசு விட்டுருவாக."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "யாரு வந்திருக்கா?"

"கேஸ்காரன், சிலிண்டர் கொண்டு வந்திருக்கான்," என்றாள், என்னையே பார்த்துக்கொண்டு. கண்ணில் கெஞ்சல். நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவருக்கு என் குரல் தெரிந்திருக்கும். பேசவில்லை. பழத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

மூன்று வாரம் அப்படியே போனது. ஃபோன் செய்தால் அவள்தான் எடுப்பாள். "தூங்குறாக, அண்ணாச்சி." அவள்மேல் ஆத்திரம் வரும், அது சுற்றிச் சுற்றி என்மேலேயே வந்து நிற்கும். மத்தியானம் ஆனால் காலி நாற்காலியைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டேன். அவர் முகத்தை நினைத்துப் பார்க்கவும் பயம். நினைத்த உடனே என் பாழாய்ப்போன புத்தி நெற்றியை அளக்க ஆரம்பித்துவிடும். எப்படியாவது ஒருநாள் அவள் கூப்பிட மாட்டாளா என்று ஏங்கினேன். எதற்கு ஏங்குகிறோம் என்று யோசிக்கவே இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவளே கூப்பிட்டாள்.

"வாங்க, அண்ணாச்சி." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பையையும் எடுத்துக்கிடுங்க."

ஜன்னலோரக் கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். பிறகு பையைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. அவள் அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அறுபது வயதில், திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்ட பிள்ளைபோல நான் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினேன்.

"அன்னைக்கு கேஸ்காரன்னு சொன்னா," என்றார் மெதுவாக. "கேஸ்காரன் எங்கயாவது பழம் வாங்கிட்டு வருவானா வே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. அவர் மனைவியிடம் சீப்பு கேட்டு வாங்கினார். தலையை வாரிக்கொண்டு, நான் சொல்லாமலே ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பினார்.