பஸ் வராத வாரத்துத் தொடர்கதை

என் அத்தைக்கு ஒரு கதை பிடித்துப்போனால் அன்றைக்கு எங்கள் வீட்டில் சோறு அடிபிடிக்கும். சுமாரான கதை என்றால் குழம்பு கொஞ்சம் சுண்டும், அவ்வளவுதான். வாரப் பத்திரிகையில் தொடர்கதை நன்றாகப் போகிறதா இல்லையா என்பதை அம்மா ஒரு வரிகூடப் படிக்காமல் பானையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் வெட்டி, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு வைத்திருப்பாள். தொட்டால் கையை உடைத்துவிடுவேன் என்று எனக்கு மிரட்டல் வேறு.

எங்கள் ஊர் சின்னசேலத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில். வேர்க்கடலையை அங்கே மல்லாட்டை என்றுதான் சொல்வோம். அறுவடைக் காலத்தில் பெண்கள் களத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்து செடியிலிருந்து மல்லாட்டையைப் பறித்துப் போடுவார்கள். நடுவில் உட்கார்ந்து அத்தை தொடர்கதையை உரக்கப் படிப்பாள். அதற்காகவே அவர்கள் வேறு களங்களை விட்டுவிட்டு எங்கள் களத்துக்கு வந்தார்கள். அதனால், புத்தகத்தைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கும் அப்பாவும் இதற்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டார். மலைக்காற்றில் பக்கம் பறக்காமல் பிடித்துக்கொள்வது என் வேலை. அப்போது நான் மூன்றாவது படித்தேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன்.

அந்த வருடத்துக் கதாநாயகிக்கு நர்சுக்குப் படிக்க ஆசை. இடமும் கிடைத்துவிட்டது. அவள் அண்ணனோ அவளுக்குக் கல்யாணம் பேசி முடிப்பதற்காகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அந்த இடத்தில் பார்த்து ‘தொடரும்’ போட்டுவிட்டார்கள், புண்ணியவான்கள்.

அடுத்த இதழ் வரவேண்டிய நாளில் பஸ்ஸே வரவில்லை. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த சமயம் அது. சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். திருநாவலூருக்குப் போக வெள்ளை வேட்டி எடுத்து வைத்திருந்த அப்பாவும் வீட்டோடு அடைந்துபோனார். அங்கே அத்தைக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். போய்ச் சம்மதம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அத்தைக்கு டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்திருந்ததை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வேறு வேலை இல்லாமல் களத்துக்கு வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

“புக்கு வந்துச்சா? அந்தப் பொண்ணு இன்னா ஆச்சி?” என்று பெண்கள் அத்தையைப் பிடுங்கியெடுத்தார்கள்.

அத்தை ஒரு கணம் அப்பாவின் முதுகைப் பார்த்தாள். “வந்துச்சி, வந்துச்சி. சைக்கிள்ல வந்தவரு ஒருத்தரு குடுத்துட்டுப் போனாரு” என்று பத்திரிகையை விரித்தாள்.

நான் பிடித்திருந்தது போன வாரத்துப் பக்கம். மூலையில் என் கை அழுக்கு அப்படியே இருந்தது. “அத்த, இது...” என்றதும் தொடையில் சுரீரென்று ஒரு கிள்ளு. பெரிய படிப்புப் படித்தவர்கள் பழைய பக்கத்திலேயே அடுத்த வாரத்தையும் படித்துவிடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, பெருமையோடு வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைக்குப் படித்த மாதிரி அத்தை என்றைக்குமே படித்ததில்லை. கதையில் அண்ணன் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறான். தான் காய்ச்சலில் கிடந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்து, தூங்கும்வரை கதை படித்துக்காட்டிய சின்னத் தங்கை அவன் நினைவுக்கு வருகிறாள்.

“பின்ன இன்னா? படிக்கிற பொண்ண இட்டுக்கினு போயி அடுப்பாண்ட தள்றவன்லாம் ஒரு அண்ணனா?” என்று ஒருத்தி மல்லாட்டைக் கொடியை ஓங்கித் தரையில் அடித்தாள். அண்ணனுக்கு அன்று களத்தில் விழுந்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் பஸ் வந்தது, அவன் ஏறவில்லை. பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

“போதும், வேலையப் பாருங்க. பொழுது போய்க்கினே கீது” என்றார் அப்பா. குரல் கரகரத்தது. வெற்றிலை போட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

சாலை திறந்ததும் அப்பா வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு திருநாவலூருக்குக் கிளம்பினார். அத்தை அன்று பகல் முழுக்க வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் திரும்பி வந்தவர் கையில் புது இதழ் இருந்தது. அப்பா காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கியதை அன்றுதான் பார்த்தேன். பிடுங்கிக்கொண்டு போய் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதில் அண்ணன் பஸ் ஏறியிருந்தான். கல்யாணத்தைப் பேசி முடித்து, முகூர்த்தத்துக்கு நாளும் குறித்துவிட்டான்.

“அப்பா, அத்த தப்பா படிச்சிட்டாங்கப்பா!” என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

அப்பா சட்டையைக் கழற்றியபடி, அடுப்படியில் இருந்த அத்தைக்கும் கேட்கும்படி சொன்னார்: “அச்சடிச்சவன் தப்பா போட்டுட்டான் பாப்பா. ஒங்க அத்த படிச்சதுதான் சரி.”

தப்பும் தவறுமாக அச்சடிக்கும் அந்தப் பத்திரிகைக்காரர்கள் மேல் எனக்கிருந்த கோபம், அத்தை டீச்சராகி மலையில் கரியாலூர்ப் பக்கம் வேலைக்குப் போன பிறகும் ஆறவில்லை. அப்பா திருநாவலூர் போய்வந்த அன்று ராத்திரி எங்கள் வீட்டில் சோறு கரியாகத் தீய்ந்துபோயிருந்தது. அப்பா அதை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். அத்தையின் கையில் அன்று புத்தகமே இல்லையே, சோறு எப்படித் தீய்ந்தது என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.