கலைமணி கற்ற ஜெர்மன்

வளப்பூர் நாட்டு மலைக் கிராமங்களில் ஒருவர் பேசினால் எதிரில் இருப்பவர் உம் கொட்ட வேண்டும். வாயை மூடிக்கொண்டு கேட்டால், "ஏனுங்க, கோவமுங்களா?" என்று பேச்சையே நிறுத்திவிடுவார்கள். காளியண்ணன் மகள் கலைமணி இந்தப் பழக்கத்தோடுதான் மலையிறங்கி நர்சிங் கல்லூரியில் சேர்ந்தாள். அங்கே ஜெர்மன் வகுப்பிலும் அதை விடவில்லை.

ஜெர்மனிக்கு வேலைக்குப் போக ஆசைப்படும் மாணவிகளுக்காகக் கல்லூரியே நடத்திய வகுப்பு அது. முதல் வருடம் ரஞ்சிதா மேடம் ஒரு வாக்கியம் சொன்னால் கலைமணி உம் கொட்டுவாள், அந்தச் சூட்டோடு தானும் ஒன்று சொல்லுவாள். பாதி தப்பாக இருக்கும். அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்! விடுமுறையில் மிளகு பறிக்கும்போதுகூட அம்மா அத்தாயியிடம் ஜெர்மனில் வாயாடுவாள். அத்தாயியும் ஒரு எழுத்துப் புரியாமலே உம் கொட்டுவாள்.

இரண்டாம் வருடம் மேடம் கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டார். அங்கிருந்தே செல்போனில் வகுப்பு எடுத்தார். எல்லோருடைய காதிலும் கலைமணியின் உம் ஓயாமல் விழுந்தது.

"கலைமணி, மியூட்ல போடும்மா. மத்தவங்களுக்கு ஒண்ணும் கேக்கல."

மேடத்தைக் குறை சொல்ல முடியாது. அந்த இரைச்சலில் யார்தான் பாடம் நடத்துவார்? கலைமணி மியூட்டில் போட்டாள். பிறகு எடுக்கவே இல்லை.

நான்காம் வருடத்தில் அவளுக்கு ஜெர்மன் படித்தால் புரிந்தது, கேட்டால் புரிந்தது. எழுத்திலும் பழைய தப்புகள் இல்லை. வாய்தான் திறக்கவில்லை. ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சரிபார்த்து முடிப்பதற்குள் பேச்சு எங்கேயோ போயிருக்கும். ஜெர்மன் தேர்வில் மற்றதெல்லாம் தேறி, பேச்சில் மட்டும் தோற்றாள், பாவம். இன்னொரு வாய்ப்பு இருந்தது. அதிலும் தோற்றால், ஜெர்மனி மருத்துவமனையில் இந்த வருடம் அவளுக்கென்று வைத்திருந்த இடம் கைவிட்டுப் போகும்.

இரண்டு பேர் சேர்ந்து ஒரு சுற்றுலாவைத் திட்டமிட்டுப் பேச வேண்டும் என்பதுதான் அந்த மறுதேர்வு. கலைமணிக்கு ஜோடி காளப்பநாயக்கன்பட்டி மோனிஷா, கூடப் படிப்பவள். மோனிஷா ஆரம்பித்ததுமே திணறினாள், கண் கலங்கிவிட்டது. கலைமணிக்கு மனசு கேட்கவில்லை. "உம்" என்றாள்.

மோனிஷா மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னாள். இன்னொரு உம். அவ்வளவுதான், மோனிஷா கொட்டித் தீர்த்துவிட்டாள். அதைக் கேட்ட சந்தோஷத்தில், இது தனக்கும் தேர்வு என்பதே கலைமணிக்கு மறந்துபோனது. நினைவு வந்து வாயைத் திறப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

மோனிஷா தேறினாள். கலைமணி தேறவில்லை.

முடிவு வந்த அன்றைக்கு மோனிஷா போனில் அழுதாள். "நீ உம் கொட்டலைன்னா நான் பாதியிலயே எந்திரிச்சு வந்திருப்பேன்டி. உன் நேரத்தையும் நானே தின்னுட்டேன்."

பரவாயில்லை என்று சொல்லக் கலைமணிக்கு வரவில்லை. தள்ளி நின்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அத்தாயிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"ஆமாடி, தின்னுட்டதான்" என்றாள்.

மோனிஷா போனை வைக்கவில்லை.

"நீ ஜெர்மனி போற வரைக்கும் தெனமும் சாயங்காலம் போன் பண்ணு. அடுத்த பரீட்சைக்கு நான் பேசிப் பழகோணும். நீ குறுக்க பேசாத, உம் மட்டும் கொட்டு."

"எப்ப இருந்துடி?"

கலைமணி ஜெர்மனில் பேசத் தொடங்கினாள். முதல் வாக்கியமே தப்பு.